பழைய ப்ரீ ஆம்பும் நம் கரையின் இசைத்தட்டுகளும்

நம் இராமநாதபுரம் பக்கத்துப் பழைய வீடுகளில் பரணில் ஏறிப் பார்த்தால் மூன்று சாமான்கள் சேர்ந்து கிடப்பதைக் காணலாம். ஒன்று, இசைத்தட்டுகள் அடுக்கிய தகரப் பெட்டி. இரண்டாவது, ஓடாத ரெக்கார்டு பிளேயர். மூன்றாவது, முன்பக்கம் நாலைந்து குமிழ்களும் பின்பக்கம் வரிசையாகத் துளைகளும் உள்ள ஒரு சின்னப் பெட்டி. தட்டு எதற்கு என்று பேரப்பிள்ளைகளுக்குத் தெரிகிறது. பிளேயர் எதற்கு என்பதும் ஓரளவு புரிகிறது. அந்தச் சின்னப் பெட்டி எதற்கு என்று மட்டும் வீட்டில் யாருக்கும் சொல்லத் தெரிவதில்லை. அதனால் பழைய இரும்புக்காரர் வரும்போது முதலில் எடைக்குப் போவது அதுதான்.

அதன் பெயர் ப்ரீ ஆம்ப்ளிபயர். சுருக்கமாக ப்ரீ ஆம்ப். தொலைபேசித் துறையில் டிரங்க் லைனும் டெசிபல் கணக்குமாக முப்பத்தாறு ஆண்டுகள் ஓட்டியவன் என்பதால், இந்தப் பெட்டியின் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. ஓய்வு பெற்றபின் ஒன்றைச் சுத்தம் செய்து ஓட வைத்திருக்கிறேன். அது என்ன வேலை செய்கிறது, நம் கரைக்கு எப்படி வந்தது, இன்று அதை எப்படி இணைப்பது என்பதை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. நம் வயதுக்காரர்கள் சொல்லாமல் போனால் இதைச் சொல்ல ஆள் இருக்காது.

ப்ரீ ஆம்ப் இல்லாத காலம்

ஆரம்பத்தில் இந்தப் பெட்டிக்கு அவசியமே இருக்கவில்லை. சாவி கொடுத்து ஓடும் கிராமபோனில் மின்சாரமே கிடையாது. ஊசி தட்டின் பள்ளத்தில் அசையும். அந்த அசைவு சவுண்ட் பாக்ஸில் உள்ள மெல்லிய தகட்டை ஆட்டும். குழல் அந்தச் சத்தத்தை வெளியே தள்ளும். அவ்வளவுதான். 1908இல் கல்கத்தா சியால்டாவில் இசைத்தட்டு அச்சிடும் தொழிற்சாலை வந்தது. பிறகு அது டம்டம்முக்கு மாறியது. அங்கே அச்சான தட்டுகள் சென்னை வழியாக ரயிலேறி நம் ஊர் வரைக்கும் வந்தன.

1925 வாக்கில் மைக்கும் வால்வும் கொண்டு மின்முறையில் பதிவு செய்யத் தொடங்கினார்கள். பதிவில் மின்சாரம் வந்தபின் கேட்பதிலும் வர வேண்டும் அல்லவா? பிக்கப் என்ற கருவி வந்தது. ஊசியின் அசைவை அது மின்னலையாக மாற்றும். அந்த அலை மிகவும் சின்னது. அதைப் பெரிதாக்க ஒரு கருவி வேண்டும்.

நம் வீடுகளில் அந்த வேலையை முதலில் செய்தது ரேடியோதான். மர்பி, புஷ், பிலிப்ஸ், ஜி.இ.சி. போன்ற வால்வு ரேடியோக்களின் முதுகில் பிக்கப் என்று எழுதிய இரண்டு துளைகள் இருந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். தட்டு ஓடும் மேடையை மட்டும் தனியாக வாங்கி, வயரை அந்தத் துளையில் செருகிவிட்டால் ரேடியோவே பாடும். தபாலாபீசில் ஆண்டுக்கு 15 ரூபாய் லைசென்ஸ் கட்டி வைத்திருந்த பெட்டி, இப்படி இரண்டு வேலை பார்த்தது.

கல்யாணத்துக்கும் கந்தூரிக்கும் திருவிழாவுக்கும் பனை உச்சியில் குழாய் ஸ்பீக்கர் கட்டிய மைக் செட்காரர்களும் இதே முறையைத்தான் கையாண்டார்கள். அவர்களிடம் இருந்தது பெரும்பாலும் கிறிஸ்டல் பிக்கப். அதற்குள் இருந்தது ரோஷல் உப்பு என்ற ஒருவகை உப்பின் படிகம். அழுத்தினால் அது மின்சாரம் தரும். வெக்கையும் ஈரமும் அதற்கு ஆகாது. நம் கடற்கரைக் காற்றில் எத்தனை நாள் தாங்கும்? சித்திரை வெயிலில் ஒரு பிக்கப் போனது, ஐப்பசி மழையில் இன்னொன்று போனது என்று மைக் செட்காரர்கள் புலம்பியதற்குக் காரணம் இதுதான். பின்னால் செராமிக் வந்து அந்தக் குறையைத் தீர்த்தது.

கருவாட்டுக் கணக்கு

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சின்ன மின்னலையைப் பெரிதாக்குவது மட்டும்தான் வேலை என்றால் ரேடியோவே போதும், தனிப் பெட்டி எதற்கு? இதைப் புரிந்துகொள்ள நம் ஊர்க் கருவாடே போதும்.

மீனைப் பிடித்த அன்றே தின்றால் உப்பு வேண்டாம். நாள்பட வைத்திருந்து வெளியூருக்கு அனுப்ப வேண்டும் என்றால் உப்பிட்டுக் காய வைக்கிறோம். வீட்டுக்கு வந்தபின் அந்த உப்பைக் கழுவிவிட்டுத்தான் குழம்பு வைக்கிறோம். கழுவாமல் வைத்தால் வாயில் வைக்க முடியாது. அளவுக்கு மீறி ஊற வைத்தாலோ மீன் வாசனையே போய்விடும். எவ்வளவு உப்பிட்டார்களோ அவ்வளவைத்தான் கழுவ வேண்டும்.

இசைத்தட்டிலும் அதே கதைதான். மிருதங்கத்தின் தொப்பி போன்ற தாழ்ந்த ஒலிகளை உள்ளபடியே வெட்டினால் ஊசிப் பள்ளம் அகலமாக ஆடி அடுத்த பள்ளத்தில் போய் இடிக்கும். அதனால் வெட்டும்போதே தாழ்ந்த ஒலியைக் குறைத்துவிடுவார்கள். ஜால்ரா, சலங்கை போன்ற உச்ச ஒலிகளுக்கு இதற்கு நேர்மாறு. தட்டின் இரைச்சலில் அவை மூழ்கிவிடாமல் இருக்க, வேண்டுமென்றே தூக்கி வெட்டுவார்கள். ஆக, தட்டில் இருப்பது பாடியபடியே உள்ள பாட்டு இல்லை, உப்பிட்ட பாட்டு. கேட்கும்போது தாழ்ந்ததை ஏற்றி, உயர்ந்ததைத் தணித்துப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அந்த உப்பைக் கழுவும் பாத்திரம்தான் ப்ரீ ஆம்ப். ஒலியைப் பெரிதாக்குவது அதன் பாதி வேலை. மீதிப் பாதி, வெட்டியவர் செய்த மாற்றத்தைச் சரியாகத் திருப்பிப் போடுவது.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. ஊருக்கு ஊர் கருவாட்டில் உப்பு வேறுபடுவது போல, கம்பெனிக்குக் கம்பெனி இந்த அளவும் வேறுபட்டது. 78 வேகத் தட்டுகளுக்கு ஓர் அளவு. அதிலும் இங்கிலாந்து கம்பெனிக்கு ஒன்று, அமெரிக்கக் கம்பெனிக்கு ஒன்று. 1948இல் எல்.பி. தட்டு வந்தபோது புதிதாகச் சில அளவுகள் சேர்ந்துகொண்டன. தட்டு வாங்கியவர் பாடு திண்டாட்டம்தான்.

அந்தத் திண்டாட்டத்தில் பிறந்ததுதான் வீட்டு ப்ரீ ஆம்ப். நியூயார்க்கில் சால் மரான்ட்ஸ் என்ற ஓவிய வடிவமைப்பாளர், தட்டு கேட்பதில் தீராத ஆசை உள்ளவர். தன் வீட்டிலேயே ஒரு பெட்டியைச் செய்தார். தாழ்ந்த ஒலிக்கு ஒரு குமிழ், உயர்ந்த ஒலிக்கு ஒரு குமிழ். இரண்டையும் மாற்றி மாற்றி வைத்தால் 36 விதமாகத் திருத்தலாம். 1950களின் தொடக்கத்தில் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த அந்தப் பெட்டியிலிருந்துதான் மரான்ட்ஸ் நிறுவனம் வளர்ந்தது. இங்கிலாந்தில் ஹண்டிங்டன் நகரில் பீட்டர் வாக்கர் என்பவரின் குவாட் நிறுவனமும், லீக் நிறுவனமும் இதுபோன்ற பெட்டிகளைச் செய்து புகழ் பெற்றன.

1954இல் ஒரு முடிவு பிறந்தது. அமெரிக்க இசைத்தட்டு உற்பத்தியாளர் சங்கம் எல்லாருக்கும் பொதுவாக ஓர் அளவைக் கொண்டுவந்தது. அச்சங்கத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதை ரியா அளவு என்பார்கள். அதன் கணக்கு இது: நடுவில் உள்ள 1,000 ஹெர்ட்ஸ் ஒலியோடு ஒப்பிட்டால், 50 ஹெர்ட்ஸ் தாழ்ந்த ஒலியை ப்ரீ ஆம்ப் ஏறக்குறைய 7 மடங்கு ஏற்ற வேண்டும், 10,000 ஹெர்ட்ஸ் உச்ச ஒலியை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும். உலகம் முழுக்கக் கம்பெனிகள் மெல்ல மெல்ல இந்த அளவுக்கு வந்து சேர்ந்தன. அதன்பிறகு பல அளவுக் குமிழ் வேண்டியிருக்கவில்லை. இன்று கடையில் கிடைக்கும் புதுப் பெட்டிகள் பெரும்பாலும் ரியா ஒன்றை மட்டுமே அறிந்தவை.

பழைய பெட்டியை எடைக்குப் போடாதீர்கள் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான். நம் பரணில் இருக்கும் தட்டுகளில் பாதி 78 வேகத் தட்டுகள். இந்தியாவில் 1970 வாக்கு வரைக்கும் அவை வந்துகொண்டிருந்தன. அவற்றில் பலவும் ரியாவுக்கு முந்தியவை. அவற்றின் பூட்டுக்குப் பொருந்தும் சாவி, புதுப் பெட்டியில் இல்லை; பழைய பெட்டியில் இருக்கிறது.

இரண்டு காதுக்கு இரண்டு பாதை

ஸ்டீரியோ என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஆலன் ப்ளம்லைன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1931இலேயே ஒரே பள்ளத்தின் இரண்டு சுவர்களிலும் இரண்டு ஒலியைப் பதியலாம் என்று உரிமம் கேட்டு விண்ணப்பித்தார். இடது சுவரில் இடக் காதுக்கு, வலது சுவரில் வலக் காதுக்கு. உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1942இல் விமான விபத்தில் அவர் இறந்துபோனார். அந்த வகைத் தட்டு 1957, 58இல்தான் கடைக்கு வந்தது. அதன்பின் ப்ரீ ஆம்பும் இரட்டைப் பிள்ளையாகி, ஒரே பெட்டிக்குள் இரண்டு பாதைகள் வந்தன. இரண்டின் அளவையும் சரி பார்க்க பேலன்ஸ் என்ற குமிழும் சேர்ந்தது.

நமக்கு ஸ்டீரியோ தாமதமாகத்தான் வந்தது. 1978இல் வந்த பிரியா படத்தின் பாட்டுகளைத்தான் ஸ்டீரியோவில் பதிவான முதல் தமிழ்ப் படப் பாட்டுகள் என்று நம்மவர்கள் சொல்லிக் கொண்டார்கள். அந்தப் பத்தாண்டில் சோனோடைன், காஸ்மிக் என்று நம் நாட்டுப் பெட்டிகளும் வந்துவிட்டன. ஆனால் நம் மாவட்டத்துக்கு அதற்கு முன்பே வேறொரு வழி இருந்தது.

கடல் வழி வந்த பெட்டிகள்

பாம்பன் பாலம் 1914இல் திறந்தபின், சென்னையில் ஏறிய போட் மெயில் பயணி தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலேறி, தலைமன்னாரில் மறுபடி ரயிலேறிக் கொழும்பு போகலாம். இடையில் உள்ள கடல் ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். நாடகக் கம்பெனிகள் அந்த வழியே போய்வந்தன. எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் 1920களில் கொழும்பு மேடையில் சேர்ந்து நடித்ததை நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். நாடகக்காரர்கள் போன வழியில் தட்டுகள் வந்தன, கிராமபோன்கள் வந்தன.

காற்று வழியும் ஒன்று இருந்தது. இலங்கை வானொலி நம் கரையில் உள்ளூர் நிலையம் போலவே கேட்டதற்குக் காரணம் தூரம் குறைவு என்பது மட்டும் அல்ல. மத்திய அலை தரையைவிட உப்புத் தண்ணீரின் மேல் தேயாமல் போகும். 1952இல் நம் வானொலியில் திரைப்பாட்டுக்கு இடம் சுருங்கியது. 1957இல் விவித பாரதி தொடங்கிய பிறகுதான் நிலைமை மாறியது. இடைப்பட்ட ஆண்டுகளில் நம் காதுகளுக்குத் திரைப்பாட்டை ஊட்டியது கொழும்புதான். பிறகும்கூட மயில்வாகனன், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது குரல்களை விட்டு நாம் நகரவில்லையே.

கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டிப் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றுக்குக் கொழும்பில் கடை, வியாபாரம். இலங்கையில் ஆங்கிலேயத் தோட்ட துரைமார் வைத்திருந்த நல்ல கருவிகள், அவர்கள் ஊர் திரும்பும்போது கைமாறின. அவற்றில் சில கடல் தாண்டி நம் பக்கம் வந்தன. இதில் ஒரு வசதி இருந்தது. அங்கும் இங்கும் ஒரே 230 வோல்ட், ஒரே 50 சைக்கிள், மூன்று உருண்டைக் கால் உள்ள ஒரே மாதிரி பிளக். கொழும்பில் பிடுங்கிய பிளக்கை இராமநாதபுரத்தில் அப்படியே செருகலாம். அமெரிக்காவிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ வந்த பெட்டி என்றால் 100, 117 வோல்ட்டுக்கு இறக்கும் டிரான்ஸ்பார்மர் வேண்டும். அது தெரியாமல் நேராகச் செருகிப் புகை வரவழைத்த வீடுகள் நம் ஊரில் உண்டு.

1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என் பெரியப்பா ரயில்வேயில் தனுஷ்கோடியில் இருந்தவர். வீட்டில் ஒரு கிராமபோனும் அறுபது எழுபது தட்டுகளும் வைத்திருந்தார். அந்த வாரம் குடும்பத்தோடு இராமநாதபுரத்துக்கு ஒரு காதுகுத்துக்கு வந்திருந்ததால் உயிர் தப்பினார்கள். வீடும் வீட்டில் இருந்ததும் கடலோடு போயின. மிஞ்சியது, அதற்கு முந்தின தீபாவளிக்கு அவர் எங்கள் அப்பாவிடம் கேட்கக் கொடுத்திருந்த ஏழு தட்டுகள். அப்பா திருப்பிக் கொடுக்கப் போனபோது, "இருக்கட்டும்டா, உன் வீட்லயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். அதன்பின் அவர் கிராமபோன் வாங்கவே இல்லை. அந்த ஏழும் இப்போது என்னிடம் இருக்கின்றன. எல்லாம் 78 வேகம்.

புயலுக்குப் பிறகு இராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்கு ஓடிய இராமானுஜம் கப்பலும் 1980களில் இலங்கையில் எரிந்த நெருப்போடு நின்றுபோனது. கடல் வழியாகப் பெட்டி வந்த காலம் அதோடு முடிந்தது.

என்னிடம் வந்த பெட்டி

நான் இப்போது ஓட்டுவது 1950களின் கடைசியில் இங்கிலாந்தில் செய்த வால்வு ப்ரீ ஆம்ப். கொழும்பில் வியாபாரம் செய்த ஒரு கீழக்கரைக் குடும்பம் அதைக் கொண்டுவந்து, பல ஆண்டு பரணில் வைத்திருந்து, நண்பர் என்ற முறையில் எனக்குக் கொடுத்தது. முன்பக்கத்தில் தேர்வுக் குமிழ். அதில் ரேடியோ, டேப், எல்.பி., 78 என்று தனித்தனி இடங்கள். பக்கத்தில் வால்யூம், பாஸ், டிரெபிள், பேலன்ஸ். ஸ்டீரியோ, மோனோ மாற்றும் சுவிட்ச் ஒன்று.

அந்தக் காலத்து இங்கிலாந்துப் பெட்டிகள் பலவற்றைப் போல இதற்கும் தனி மின்சாரம் கிடையாது. பவர் ஆம்பிலிருந்து வரும் பல கம்பி வயர் வழியாகத்தான் உயிர் வரும். ஆகவே இவை இரண்டும் ஜோடி. பவர் ஆம்பை ஒருவருக்கும் ப்ரீ ஆம்பை இன்னொருவருக்கும் கொடுத்துவிட்டால் இரண்டுமே பயன்படாது.

இதுபோன்ற பெட்டி உங்கள் வீட்டில் இருந்தால், பார்த்த உடனே பிளக்கைச் செருகாதீர்கள். வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் மூடியைத் திறந்து தூசி தட்டுங்கள். எலி கடித்த வயர், வெடித்துப் பிதுங்கிய கண்டன்சர் இருக்கிறதா என்று பாருங்கள். ஐம்பது அறுபது ஆண்டு ஓடாமல் இருந்த எலக்ட்ரோலிடிக் கண்டன்சரை நம்பக் கூடாது, மாற்றிவிடுவதே நல்லது. வால்வுப் பெட்டிக்குள் 250, 300 வோல்ட் ஓடும். சுவிட்சை அணைத்த பிறகும் கண்டன்சரில் அது தங்கியிருக்கும். எனவே அனுபவம் இல்லாதவர் உள்ளே கை வைக்க வேண்டாம். பழைய ரேடியோ மெக்கானிக் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள்.

இரண்டாவது, முதல்முறை மின்சாரம் கொடுக்கும்போது சீரிஸ் பல்பு வழியாகக் கொடுக்கச் சொல்லுங்கள். 60 வாட் குண்டு பல்பு ஒன்றை வரிசையில் இணைத்தால், உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்து காட்டிக் கொடுக்கும், பெட்டி பிழைக்கும். பல்பு ஒரு கணம் எரிந்து பிறகு மங்கினால் நல்ல அறிகுறி.

மூன்றாவது, நம் உப்புக் காற்றின் வேலை. பின்பக்கத் துளைகளிலும் வால்வு உட்காரும் குழிகளிலும் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். ஐசோபுரோபில் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துத் துடையுங்கள். குமிழைத் திருப்பும்போது கரகரவென்று சத்தம் வந்தால் காண்டாக்ட் கிளீனர் கொஞ்சம் அடித்து, இருபது முப்பது முறை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்புங்கள். உப்புத்தாளால் மட்டும் தேய்க்கக் கூடாது. மேலே உள்ள மெல்லிய வெள்ளிப் பூச்சு போய்விடும்.

நான்காவது, பிளேயரில் உள்ள கார்ட்ரிட்ஜ் எந்த வகை என்று பாருங்கள். காந்த வகை என்றால் அது தருவது 3 முதல் 5 மில்லிவோல்ட்தான். அதைக் காந்த வகைக்கென்று உள்ள போனோ துளையில் செருக வேண்டும். நம் நாட்டுப் பிளேயர்களில் பெரும்பாலும் இருந்தது செராமிக். அது நூறு மடங்கு அதிகமாகத் தரும். உப்பையும் ஓரளவு தானே கழுவிவிடும். அதைக் காந்த வகைத் துளையில் செருகினால் காது கிழியும். செராமிக்குக்கென்று தனித் துளை இருந்தால் அதில் செருகுங்கள். இல்லையென்றால் ரேடியோ துளையே மேல்.

ஐந்தாவது, எர்த். பிளேயரிலிருந்து தனியாக ஒரு மெல்லிய வயர் வரும். பெட்டியின் முதுகில் உள்ள திருகில் அதை முடுக்க வேண்டும். விட்டுவிட்டால் ம்ம்ம் என்று ஹம்மிங் பாடும். வீட்டு எர்த்தும் சரியாக இருக்க வேண்டும். நம் மணல் தரையில் கோடையில் எர்த் குழி காய்ந்துவிடும். கரியும் உப்பும் போட்டு, அவ்வப்போது ஒரு குடம் தண்ணீர் ஊற்றி வைப்பது நம் பக்கத்து வழக்கம். பவர் ஆம்பின் டிரான்ஸ்பார்மருக்கு ஒட்டியே ப்ரீ ஆம்பை வைக்க வேண்டாம். இரண்டு அடி தள்ளி வைத்தால் ஹம்மிங் குறையும்.

ஆறாவது, ஊசி. 78 தட்டின் பள்ளம் அகலம், எல்.பி. பள்ளம் அதில் மூன்றில் ஒரு பங்குதான். எல்.பி. ஊசியை 78இல் வைத்தால் பள்ளத்தின் அடியில் கிடக்கும் தூசியைத்தான் உரசும், எல்.பி.யில் 78 ஊசியை வைத்தால் தட்டே கெட்டுவிடும். இரண்டு ஊசியும் தனித்தனியாக வேண்டும்.

கடைசியாக, மோனோ சுவிட்ச். பழைய தட்டுகள் எல்லாம் ஒற்றைக் காதுப் பதிவு. அவற்றில் பாட்டு, ஊசியைப் பக்கவாட்டில் மட்டும் அசைக்கும். மேலும் கீழுமாக அசைப்பது தூசியும் கீறலும்தான். மோனோவில் வைத்தால் இரண்டு பாதையும் ஒன்றாகக் கலந்து, அந்த மேல்கீழ் அசைவின் சத்தம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். செலவில்லாமல் பாதி இரைச்சல் குறையும். பழைய பெட்டிகளில் இந்தச் சுவிட்ச் தவறாமல் இருக்கும். புதியவற்றில் பலவற்றில் இல்லை.

அக்கா கேட்ட தட்டு

சென்ற ஆண்டு பெரியப்பா மகள் வந்திருந்தார். எனக்கு மூத்தவர். தனுஷ்கோடியில் பள்ளிக்கூடம் போன பிள்ளை அவர். அந்த ஏழில் ஒரு நாடகப் பாட்டுத் தட்டை எடுத்து வைத்தேன். தேர்வுக் குமிழ் எல்.பி.யில் இருந்தபோது குரல் மங்கி, போர்வைக்குள்ளிருந்து பாடுவது போல இருந்தது. ரியா அளவு அந்தத் தட்டில் இல்லாத உப்பையும் சேர்த்துக் கழுவுகிறது அல்லவா? குமிழை 78க்குத் திருப்பினேன். குரல் திறந்துகொண்டது.

அக்கா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "தம்பி, இதுல மிருதங்கம் இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்குக்கா. ஆரம்பத்துலேர்ந்து வாசிக்கிறாரு."

"எங்க வீட்டுல பாடும்போது குரல் மட்டுந்தான் கேக்கும். மிருதங்கம் லேசா டிக்கு டிக்குன்னு தகரத்துல தட்டுற மாதிரி வரும். நாங்க அது ஊசிச் சத்தம்னு நெனச்சோம்."

அவர் சொன்னதில் கணக்குப் பிசகு எதுவும் இல்லை. சாவி கிராமபோனின் குழலால் தாழ்ந்த ஒலியை வெளியே தள்ள முடியாது. ஆனால் மின்முறையில் பதிவான தட்டின் பள்ளத்தில் தொப்பியின் நாதம் இருந்தது. வெட்டியவர் குறைத்து வைத்திருந்தார், அவ்வளவுதான். அதை ஏற்றித் தர ஒரு ப்ரீ ஆம்ப் வேண்டியிருந்தது. பெரியப்பா அந்தத் தட்டை நூறு முறையாவது கேட்டிருப்பார். அந்த மிருதங்கத்தை அவர் கேட்டதே கிடையாது.

அக்கா மறுபடி ஒருமுறை போடச் சொன்னார். இரண்டாம் முறை முடிந்ததும், "அப்பா இல்லாமப் போயிட்டாரே, இதைக் கேக்க" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. காபி வந்தது, குடித்தோம். மீதி ஆறு தட்டையும் அன்று மாலையே கேட்டு முடித்தோம்.

நம் ஊர்ப் பெயர் தாங்கிய தட்டுகள்

இந்தப் பெட்டியின் எல்.பி. இடத்துக்கு ஏற்ற தட்டு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இராமநாதபுரம் கிருஷ்ணன் (1918-1973) நம் ஊரின் பெயரைச் சங்கீத உலகில் நிலைநிறுத்தியவர். அவர் 1960களின் பிற்பாதியில் அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் சொல்லிக் கொடுக்கப் போனார். அப்போது நான்சச் நிறுவனம் அவர் பாடியதைப் பதிவு செய்து, வித்வான் என்ற பெயரில் எல்.பி.யாக வெளியிட்டது. உறவினர் ஒருவர் அமெரிக்காவிலிருந்து அதை எனக்குக் கொண்டுவந்து கொடுத்தார். இது ரியாவுக்குப் பிந்திய ஸ்டீரியோ தட்டு. குமிழை எல்.பி.யில் வைத்து, மோனோவை எடுத்துவிட்டால் நம் கூடத்துத் திண்ணையில் கச்சேரி நடப்பது போல, பாடகர் ஒரு பக்கமும் பக்கவாத்தியம் ஒரு பக்கமும் தனித்தனியாகத் தெரிவார்கள்.

நாகூர் ஹனீபாவும் பிறப்பால் இராமநாதபுரத்துக்காரர்தான். அவர் தட்டுகள் இல்லாத வீடு நம் கடற்கரை ஊர்களில் ஏது? அவற்றை மோனோவில் கேட்டுப் பாருங்கள். அந்தக் குரலின் கனம் ஒலிபெருக்கிக் குழாயில் கேட்டதைவிட வேறாக இருக்கும்.

தினமும் போடும்போது ஒரு சின்ன ஒழுங்கை மட்டும் கடைப்பிடித்தால் போதும். ப்ரீ ஆம்ப் தனி மின்சாரத்தில் ஓடும் வகை என்றால், முதலில் அதைப் போட்டு, ஒரு நிமிடம் கழித்துப் பவர் ஆம்பைப் போடுங்கள். அணைக்கும்போது பவர் ஆம்பை முதலில் அணையுங்கள். இல்லையென்றால் டொம்மென்று ஸ்பீக்கரை அடிக்கும். வால்யூமை எப்போதும் கீழே வைத்துத் தொடங்குங்கள். மழைக்காலத்தில் பாட்டு கேட்காவிட்டாலும் வாரம் ஒருமுறை அரைமணி நேரம் ஓட விடுங்கள். வால்வின் சூடே ஈரத்தை விரட்டிவிடும்.

என் பெட்டியின் அடியில் ஒரு சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறேன். எந்தத் துளையில் எந்த வயர், எந்தத் தட்டுக்கு எந்த ஊசி, குமிழ் எங்கே நிற்க வேண்டும், பவர் ஆம்பை இதனிடமிருந்து பிரிக்கக் கூடாது என்பதை எல்லாம் தமிழிலேயே எழுதியிருக்கிறேன். தட்டுகளின் உறையிலும் எது 78 ஊசிக்கு, எது எல்.பி. ஊசிக்கு என்று பென்சிலால் குறித்திருக்கிறேன். உங்கள் பரணிலும் இப்படி ஒரு பெட்டி இருந்தால் இந்த வாரமே இறக்கிப் பாருங்கள். ஓட வைக்க முடியாவிட்டாலும் ஒரு சீட்டு எழுதி ஒட்டி வையுங்கள். நமக்குப் பிறகு அதைத் திறக்கப் போகிற பிள்ளைக்கு அது போதும்.